முகிலைச் செய்து காண்போம்

வானத்தில் கருமுகில் திரள்வதைக் கண்டு மகிழாத உழவர் தமிழ்நாட்டில் இலர். ஐப்பசித் திங்களில் வடகீழ்த் திசையிலிருந்து முகில் ஏறி வரும்பொழுது, வரப்பின்மேல் நிற்கும் முதியவர் புருவத்தின்மேல் கையை வைத்து அண்ணாந்து நோக்குவார். சில நாட்களில் அம்முகில் கொட்டித் தீர்க்கும். குளமும் கண்மாயும் நிறையும். சில நாட்களிலோ அது வானத்தையெல்லாம் மறைத்துப் பகலை அந்திபோல ஆக்கி, ஒரு துளியும் சிந்தாமல் நகர்ந்து போய்விடும். ‘தலைக்குமேல் வந்த முகில் ஏன் பெய்யாமற் போயிற்று?’ என்று அம்முதியவர் கேட்டால், பள்ளியிற் படிக்கும் பேரனோ பேர்த்தியோ என்ன விடை கூற இயலும்?

‘நீராவி குளிர்ந்து முகிலாகிறது’ என்னும் தொடரை மாணவர் அனைவரும் அறிவர். அது பிழையன்று, ஆனால், முழு உண்மையும் அன்று. மேலே செல்லும் காற்று ஏன் குளிர வேண்டும்? குளிர்ந்த ஆவி எதனைப் பற்றிக்கொண்டு துளியாகிறது? துளியானபின் அது கீழே விழாமல் எவ்வாறு மிதக்கிறது? இம்மூன்று வினாக்களையும் கேட்டால் மனப்பாடம் செய்த தொடர் நமக்குத் துணைவாராது. இவற்றிற்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு கெண்டி, ஒரு குவளை, ஒரு புட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிய இவையே போதும். இவை இல்லாத வீடு ஏது?

முதலில் அடுக்களைக்குச் செல்வோம். மூக்குள்ள கெண்டி ஒன்றில் நீர் கொதிக்கிறது. அதன் மூக்கிலிருந்து வெண்மையாக ஏதோ சீறி வருகிறது. ‘ஆவி பறக்கிறது’ என்கிறோம். சற்று நெருங்கி, ஆனால் கைக்கெட்டாத தொலைவில் நின்று, மூக்கின் நுனியை உற்று நோக்குங்கள். நுனிக்கும் வெண்புகை தொடங்கும் இடத்திற்கும் நடுவே ஒரு விரற்கடை அளவு ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாது. (புலப்படாத அந்த இடமே மிகுதியாகச் சுடும், ஆதலின் அங்கே விரலை நீட்டலாகாது.) வெண்மையாகத் தெரிவது ஆவியன்று, வெளிக்காற்றிற் பட்டுக் குளிர்ந்த ஆவி மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய நிலையே அது. ஆகவே கெண்டியின் மூக்கருகே நாம் காண்பது சின்னஞ்சிறு முகில் ஆகும்.

இன்னும் சிறிது நேரம் நோக்கினால் மற்றொன்றும் விளங்கும். அவ்வெண்மை ஒரு முழத் தொலைவு சென்றதும் மறைந்துவிடுகிறது. அது எங்கே போயிற்று? சுற்றியுள்ள உலர்ந்த காற்றிற் கலந்த துளிகள் மீண்டும் ஆவியாயின. வானத்து முகிலுக்கும் இதே கதிதான். நண்பகலில் பஞ்சுப் பொதிபோல மிதக்கும் ஒரு சிறு முகிலைத் தெரிந்துகொண்டு கண்ணெடுக்காமல் பாருங்கள். பெரும்பாலும் கால்மணி நேரத்திற்குள் அதன் ஓரங்கள் கரைந்து, உரு மாறி, முகிலே இல்லாமற்போகும். முகில் என்பது வானத்தில் வைக்கப்பட்ட ஒரு பொருளன்று; இடைவிடாது உண்டாகியும் அழிந்தும் வருகின்ற ஒரு நிகழ்ச்சி அது.

இனி எவர்சில்வர்க் குவளை ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி, அதனுள் பனிக்கட்டித் துண்டுகளை இடுவோம். சிறிது நேரத்தில் குவளையின் வெளிப்புறம் மங்கி, பின்னர் முத்து முத்தாக வியர்க்கும். உள்ளிருக்கும் நீரே கசிந்து வெளிவந்தது என்று சிறு பிள்ளைகள் கூறுவர். அவர்களை எள்ளி நகையாடாமல், அக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதே முறை. குவளை நீரில் மஞ்சள்தூளைக் கரைத்து விட்டு, வெளியே படிந்த துளிகளை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சட்கறை படியாது. அந்த நீர் குவளையிலிருந்து வரவில்லை; காற்றிலிருந்து வந்தது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில், கண்ணுக்குத் தெரியாத நீர் எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறில்லை.

காற்று எவ்வளவு நீராவியைக் கொள்ளும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள ஒரு பெட்டியை மனத்திற் கொள்ளுங்கள். அப்பெட்டியிலுள்ள காற்று 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராமே தாங்கும்; 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராமுக்குச் சிறிது மேல் தாங்கும். கொள்ளளவு குறையும்பொழுது மிஞ்சிய ஆவி துளியாக வெளிப்பட வேண்டியதுதான். குவளையின் ஓரத்துக் காற்றில் நிகழ்ந்தது இதுவே. பள்ளியில் வெப்பமானி இருக்குமாயின் அதனைக் குவளை நீரில் வைத்துப் பனிக்கட்டியைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி வாருங்கள். குவளையின் பளபளப்பு எந்த வெப்பநிலையில் முதன்முதலாக மங்குகிறதோ அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். இந்த எண்ணைக் கொண்டு பின்னர் ஓர் அரிய காரியம் செய்யப் போகிறோம். ஆதலின் அதனை மறவாதிருங்கள்.

வானத்தில் பனிக்கட்டிக் குவளை இல்லையே. அங்கே காற்று எவ்வாறு குளிர்கிறது? மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்தவர்கள் இதற்கு விடை கூறக்கூடும். பம்பினால் விரைந்து காற்றடிக்கும்பொழுது அதன் அடிப்பகுதி சூடாகிறது. நிறையக் காற்றடித்த சக்கரத்தின் வால்வைத் திறந்துவிட்டால், வெளியே பாயும் காற்று விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. நெருக்கினால் காற்றுச் சூடேறும், விரிந்தால் குளிரும். தரையின்மேல் உள்ள காற்றை அதன்மேல் அடுக்கடுக்காக நிற்கும் காற்றின் சுமை அழுத்திக்கொண்டிருக்கிறது. வெயிலாற் சூடான காற்று மேலே எழ எழ அந்தச் சுமை குறைகிறது. சுமை குறையக் குறையக் காற்று விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் செல்வதற்குள் அது ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் மோதி ஏறும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப்புறத்தில் மழையைக் கொட்டுவதும், கிழக்கே இறங்கும்பொழுது நெருங்கிச் சூடேறி முகில் கலைந்துபோவதும் இதனாலேயே.

இப்பொழுது நாம் குறித்துவைத்த பனிநிலையை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் மூன்று மணிக்கு நிழலில் காற்றின் வெப்பநிலை 33 டிகிரி. குவளை மங்கிய பனிநிலை 25 டிகிரி என்று கொள்வோம். இடைவெளி 8 டிகிரி. மேலெழும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிர்கிறது. அக்காற்று விரிவதால் அதன் பனிநிலையும் ஏறத்தாழ 2 டிகிரி இறங்குகிறது. எனவே, இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்கும். அதாவது, ஒரு டிகிரிக்கு 125 மீட்டர். எட்டை 125-ஆற் பெருக்கினால் 1,000 மீட்டர் ஆகிறது. அந்நேரத்தில் பள்ளிக்கு மேலே மிதக்கும் திரள் முகிலின் அடிப்பாகம் ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கும். விமானமும் இல்லை, பலூனும் இல்லை. ஒரு குவளையும் ஒரு வெப்பமானியும் கொண்டு முகிலின் உயரத்தை அளந்துவிட்டோம்! எல்லா வகை முகிலுக்கும் இக்கணக்குப் பொருந்தாது. பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் காற்றினால் உண்டாகும் திரள் முகிலுக்கே பொருந்தும். அவ்வகை முகில்களின் தலை மலைபோலக் குவிந்திருந்தாலும், அடிப்பாகம் மட்டும் பலகையை வைத்து அறுத்தாற்போல ஒரே மட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனிநிலையை எட்டும் உயரம் அது.

கடலோர ஊரிலும் உள்நாட்டு ஊரிலும் உள்ள மாணவர்கள் இச்சோதனையை ஒரே நாளிற் செய்து கடிதவாயிலாக விடைகளை ஒப்பிட்டால் நன்று. கடற்காற்றில் ஈரம் மிகுதி. ஆதலின் அங்கே இடைவெளி குறைவு, முகில் தாழ்வு. உள்நாட்டில் சித்திரை வெயிலில் வெப்பநிலை 40 டிகிரியாகவும் பனிநிலை 16 டிகிரியாகவும் இருக்குமானால் முகிலின் அடி 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும். அவ்வளவு உயரத்திலிருந்து உலர்ந்த காற்றினூடே விழும் துளி தரையை அடையுமா? இந்த வினாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனைக்கு மெல்லிய பிளாஸ்டிக் புட்டி ஒன்று வேண்டும். மூடி இறுக்கமாக இருத்தல் அவசியம். முதல்நாள் மாலை அதில் ஒரு கரண்டி நீர் விட்டு நன்றாகக் குலுக்கி, மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் அதனை அசைக்காமல் எடுத்து, பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்து, இரு கைகளாலும் இறுக்கி அமுக்கிப் பின் சட்டென்று விடுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து குளிர்கிறது. ஆனாலும் முகில் பெரும்பாலும் தோன்றாது, தோன்றினாலும் மிக மெல்லியதாகவே இருக்கும். மாணவர் சிலர் இங்கே சோர்ந்துவிடுவர். சோரவேண்டா, உண்மையான பாடம் இனிமேல்தான் தொடங்குகிறது. மூடியைத் திறந்து, அணைந்த ஊதுவத்தியின் புகையிற் சிறிது உள்ளே செல்லும்படி செய்து மீண்டும் மூடுங்கள். முன்போலவே அமுக்கி விடுங்கள். கையை எடுத்த அக்கணமே புட்டி முழுவதும் வெண்மையான மூடுபனி நிரம்பும். அமுக்கினால் மறையும், விட்டால் தோன்றும். எத்தனை முறை செய்தாலும் அலுக்காத வேடிக்கை இது.

புகை என்ன செய்தது? அது நீரைக் கொண்டுவரவில்லை, குளிர்ச்சியையும் கொண்டுவரவில்லை. அது கொணர்ந்தவை கண்ணுக்குத் தெரியாத துகள்களே. ஆவி துளியாவதற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். குவளையில் அதன் வெளிப்பரப்பே பற்றுக்கோடு ஆயிற்று. நடுவானிலோ தூசும், புகையும், கடலலை சிதறும்பொழுது காற்றிற் கலக்கும் உப்புத் துகளும் அப்பணியைச் செய்கின்றன. முகிலின் ஒவ்வொரு துளியின் நெஞ்சிலும் ஒரு துகள் உண்டு. வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தள்ளுகிறோமே, அந்தத் தூசிக்கும் உலகில் இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்பதை யார் எண்ணினர்?

அதனை முதலில் எண்ணியவர்கள் இருவர். பிரான்சு நாட்டைச் சார்ந்த குலியே என்பவர் 1875ஆம் ஆண்டில், சிறிது நீருள்ள கண்ணாடிக் குடுவையுடன் ஒரு ரப்பர்ப் பந்தை இணைத்து, பந்தை அமுக்கியும் விட்டும் முகில் உண்டாக்கினார். நெடுநேரம் மூடிவைத்த காற்றில் முகில் தோன்றாமையையும், புதுக்காற்றை உள்ளே விட்டதும் தோன்றியமையையும் அவர் கண்டார். ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், ஸ்காட்லாந்து நாட்டு ஜான் எய்ட்கன் என்பவர் தாமாகவே அதே உண்மையை அடைந்தார். எய்ட்கன் பொறியியல் பயின்றவர். உடல் நலக்குறைவால் அத்தொழிலைக் கைவிட்டு, வீட்டிலேயே தம் கைகளாற் கருவிகள் செய்து ஆராய்ந்தவர். அவர் இரண்டு பெரிய கண்ணாடிக் கலங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் அறைக்காற்றையும், மற்றொன்றில் பஞ்சினூடே செலுத்தித் தூசு நீக்கிய காற்றையும் நிரப்பினார். இரண்டினுள்ளும் நீராவியைச் செலுத்தினார். முதற்கலம் வெண்மூட்டமாயிற்று, இரண்டாவது தெளிவாகவே நின்றது. நீங்கள் புட்டியிற் செய்தது இந்த இருவருடைய சோதனையே. அதற்கு இன்று ஒரு புட்டியின் விலைதான் ஆகிறது.

இத்தகைய ‘விளையாட்டு’ எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1894ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர், ஸ்காட்லாந்தின் பென்நெவிஸ் மலையுச்சியிலிருந்த வானிலை ஆய்வுக்கூடத்தில் சிலநாள் பணிபுரிந்தார். அவர் ஆட்டுப் பண்ணையாளர் ஒருவரின் மைந்தர். அந்த மலை 1,345 மீட்டர் உயரமுடையது. காலைக் கதிரவன் ஒளியில் கீழே பரந்து கிடந்த முகிலின்மேல் மலையின் நிழல் விழ, அந்நிழலைச் சுற்றி நிறவளையங்கள் தோன்றின. அவ்வழகிலே மனத்தைப் பறிகொடுத்த வில்சன், அதனைத் தம் அறையிலேயே உண்டாக்கிக் காண விரும்பினார். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, கண்ணாடிக் கலத்தில் ஈரக்காற்றை விரியச் செய்து முகில் உண்டாக்கத் தொடங்கினார். தூசு அறவே நீங்கிய காற்றையும் மிகுதியாக விரியச் செய்தால் துளிகள் தோன்றுவதைக் கண்டு வியந்தார். தூசு இல்லாத இடத்தில் மின்னேற்றமுற்ற அணுத்திரள்களே பற்றுக்கோடாயின என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1911ஆம் ஆண்டில், தனித்தனி அணுத்துகள் ஓடிய பாதையை மெல்லிய முகிற் கோடாகக் காட்டும் கருவியை அவர் நிறைவேற்றினார். இதற்காக 1927ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். வானவில் போன்ற ஒரு வளையத்தைப் பார்க்க விரும்பியவருக்கு, அணுவின் உள்ளே நடப்பதைக் காட்டும் சாளரம் கிடைத்தது!

வானத்தையும் சிறிது நோக்குவோம். முகில்களுக்கு எண்ணற்ற வடிவங்கள் இருப்பதால் அவற்றை வகைப்படுத்த இயலாது என்றே நெடுங்காலம் கருதினர். 1802ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், லண்டன் மாநகரில் மருந்து செய்து விற்றுவந்த லூக் ஹோவர்டு என்பவர் ஒரு சிறு கழகத்தில் உரை நிகழ்த்தி, முகில்களை ஒழுங்குபட வகுத்துக் காட்டினார். மயிர்க்கற்றைபோல உயரத்தில் இழைந்தவை கீற்று முகில். குவியல் குவியலாக இருப்பவை திரள் முகில். விரிப்புப்போலப் பரந்தவை படை முகில். மழை பொழிபவை கார்முகில். அவர் இட்ட இலத்தீன் பெயர்களே, சிற்சில சேர்க்கைகளுடன், இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. அவர் வானிலை ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்டவரல்லர். நாள்தோறும் அண்ணாந்து நோக்கியவர், அவ்வளவே.

அண்ணாந்து நோக்குதலினும் வசதியான வழி ஒன்று உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் திறந்த வெளியில் தரையிற் கிடத்துங்கள். அதன்மேல் நான்கு நூல்களை நடுவில் ஒன்றையொன்று வெட்டும்படி ஒட்டினால், கண்ணாடி எட்டுப் பகுதிகளாகும். எட்டில் எத்தனை பகுதிகளை முகில் மறைத்துள்ளது என்று எண்ணுங்கள். வானிலை நிலையத்தாரும் முகிலின் அளவை எட்டில் இத்தனை பங்கு என்றே குறிப்பர். கண்ணாடியில் கதிரவனின் உரு விழும் நேரத்தில் மட்டும் அதனை நோக்கலாகாது, கண் கெடும். திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், முகில் எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்கிறது என்பதும் விளங்கும்.

ஆடி, ஆவணித் திங்களில் சென்னைப் பக்கத்து மாணவர்கள் இதனைச் செய்தால் ஒரு புதுமையைக் காண்பர். தாழ்ந்த முகில்கள் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும். இவற்றைச் செலுத்துவது தென்மேற்குப் பருவக்காற்று. ஆனால், அவற்றின் இடைவெளியில் தெரியும் மிக உயர்ந்த கீற்று முகில்கள் அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஊர்ந்து செல்லும். ஒரே வானத்தில் இருவேறு காற்றாறுகள்! ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் நம் தீபகற்பத்தின்மேல் மிகு விரைவோடு பாயும் இக்கீழைக்காற்றை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் உலகிற்கு விளக்கியவர், இந்திய வானிலைத் துறையைச் சார்ந்த கோட்டீசுவரம் என்னும் அறிஞர் ஆவர். அவர் பலூன்கள் வாயிலாகக் கிடைத்த அளவைகளைக் கொண்டு ஆராய்ந்தார். அக்காற்றின் தடத்தை நீங்கள் ஒரு கண்ணாடித் துண்டிற் காணலாம்.

இனி, முகில் ஏன் விழுவதில்லை என்னும் வினாவுக்கு வருவோம். முகில் எடையற்றது என்று எண்ணாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள ஒரு திரள் முகிலில், கன மீட்டருக்கு அரைக் கிராம் வீதம் நீர் இருந்தாலும், மொத்த நீர் 500 டன் ஆகும். 4 டன் எடையுள்ள யானைகள் 125 தலைக்குமேல் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்நீர் முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறியிருப்பதே அது விழாமைக்குக் காரணம். முகில் துளி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். கீழிருந்து எழும் சிறு காற்றுக்கூட அதனைத் தாங்கிவிடும். மழைத்துளியோ இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுடையது. நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேற்பட்ட விரைவுடன் விழும். குறுக்களவில் நூறு மடங்கு என்றால் பருமனில் எத்தனை மடங்கு? நூறை மும்முறை பெருக்கிப் பாருங்கள்: பத்து இலட்சம். பத்து இலட்சம் முகில் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி!

அவை எவ்வாறு ஒன்று சேரும்? எண்ணெய் பூசிய கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் நீரைத் தூவாணமாகத் தெளித்து, பலகையை மெல்லச் சாயுங்கள். மிகச் சிறிய துளிகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சற்றுப் பெரிய துளி ஒன்று கீழே உருளத் தொடங்கும். வழியிலுள்ள சிறு துளிகளை விழுங்கும். விழுங்க விழுங்கப் பருக்கும். பருக்கப் பருக்க விரையும். நம் நாட்டு வெப்ப முகில்களில் இவ்வாறே பெரிய துளி சிறியவற்றோடு மோதி வளர்கிறது. துளிகள் யாவும் ஒரே அளவினவாக இருந்தால் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கமாட்டா. கடலுப்பின் பெரிய துகள்மேல் உண்டான துளி தொடக்கத்திலேயே பெரிதாக இருப்பதால், அது மழைக்கு வழிகாட்டியாகிறது. புகையும் தூசும் மிகுந்த காற்றிலோ, இருக்கும் நீரைக் கோடிக்கணக்கான துகள்கள் பங்கிட்டுக்கொள்வதால், துளிகள் எல்லாம் சிறியனவாகவே நின்றுவிடக்கூடும். துகள் இல்லையேல் முகில் இல்லை. துகள் அளவுக்கு மிஞ்சினால் மழைக்கு இடையூறு.

முதியவரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். முகில் தடிப்பாக இல்லாமல் மெல்லியதாக இருப்பின், துளிகள் மோதி வளர்வதற்கு நேரம் போதாது. கீழிருந்து ஈரக்காற்று எழுவது நின்றுபோனால், கெண்டி முகிலைப்போல அது ஓரத்திலிருந்து கரைந்துவிடும். சில வேளைகளில் முகில் பெய்யவும் செய்யும்; ஆயினும் மழை நம்மை வந்து அடையாது. கோடைக்கால மாலைகளில் உயர்ந்த முகிலின் அடியிலிருந்து சாம்பல் நிற விழுதுகள் தொங்கிப் பாதி வழியிலே மறைவதைக் காணலாம். அவை மழைத் தாரைகளே. அடியில் உள்ள உலர்ந்த காற்று அவற்றைக் குடித்துவிட்டது. 3,000 மீட்டர்க் கணக்கை இங்கே நினைவுகூர்க.

மிக உயர்ந்த முகில்களில் மழை வேறொரு வழியிலும் பிறக்கிறது. சுழி டிகிரிக்குக் கீழே சென்றும் முகில் துளிகள் உறையாமல் நீராகவே இருப்பதுண்டு. அவற்றிடையே பனிப்படிகம் ஒன்று தோன்றினால், அது சுற்றியுள்ள துளிகளின் ஆவியைக் கவர்ந்து விரைவாக வளர்ந்து விழும்; கீழே வரும்பொழுது உருகி மழையாகும். 1946ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க நாட்டின் ஒரு ஆய்வுக்கூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர், உணவை உறையவைக்கும் பெட்டி ஒன்றின் உட்புறத்தில் கறுப்பு வெல்வெட்டுத் துணியை விரித்து, அதனுள் தம் மூச்சை ஊதி முகில் உண்டாக்கி வந்தார். இவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமல் இயந்திரத் தொழில் பழகியவர். ஒருநாள் வெயில் மிகுதியால் பெட்டி போதிய குளிர்ச்சி அடையவில்லை. அதனைக் குளிர்விக்க ஒரு துண்டு உலர்பனிக்கட்டியை உள்ளே வைத்தார். உடனே பெட்டியிலிருந்த முகில் முழுவதும் மின்னும் பனிப்படிகங்களாக மாறிற்று. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் விமானத்தில் ஏறி, உண்மையான முகில் ஒன்றின்மேல் உலர்பனிக்கட்டியைத் தூவினார். முகிலின் அடியிலிருந்து பனி விழுந்தது. ஆனால், தரையை அடையுமுன் ஆவியாகிவிட்டது. அவருடன் பணிபுரிந்த பெர்னார்டு வானகட், வெள்ளி அயோடைடும் அதே பணியைச் செய்யும் என்று அடுத்துக் கண்டார்.

அன்று முதல் செயற்கை மழையைப் பற்றிய ஆர்வம் உலகெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டிலும் 1983ஆம் ஆண்டிலும், அதன்பின் வறட்சி மிகுந்த வேறு சில ஆண்டுகளிலும் முகிலில் மருந்து தூவிப் பார்த்தனர். ஆயினும், தூவியபின் பெய்த மழை தூவியதனாலேயே பெய்தது என்று எப்படித் துணிவது? தூவாமலே பெய்திருக்கலாம் அன்றோ? இதுவே இத்துறையின் பெரிய இடர்ப்பாடு. புட்டியில் நாம் புகையின்றி ஒருமுறையும் புகையிட்டு ஒருமுறையும் செய்து ஒப்பிட்டோம். வானத்தில் அதே முகிலை இரண்டுமுறை பெறமுடியாது. அதனால் புனே நகரத்து இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாகிய சோலாப்பூரில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வேறு முறையைக் கையாண்டனர். 276 முகில்களைத் தெரிந்தெடுத்து, எதில் தூவுவது எதில் விடுவது என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்து, சிலவற்றில் உப்புத்துகள்களைத் தூவினர். ஏனையவற்றை வெறுமனே விட்டனர். இரண்டு வகையையும் ஒப்பிட்டதில், மழை சராசரியாக 18 விழுக்காடு மிகுந்தது என்று 2023ஆம் ஆண்டில் அறிவித்தனர். நூறு குடம் பெய்யும் இடத்தில் நூற்றுப்பதினெட்டுக் குடம். வறண்ட நிலத்திற்கு அது சிறிதன்று. ஆனால், அந்த நூறு குடத்தையும் தரக்கூடிய முகில் முதலில் அங்கு வந்து நின்றிருக்க வேண்டும். தெளிந்த வானில் எத்தனை மூட்டை உப்பைத் தூவினாலும் ஒரு துளியும் விழாது.